பட்டியலில் இடம் போகும், பட்டம் போகாது

தஞ்சோங் கிளிங், தங்கா பத்து, சுங்கை ஊடாங் வட்டாரத்தில் காற்பந்து பேசாத தேநீர்க்கடை உண்டா? இந்த வாரம் நாமும் அதையே பேசுவோம். 2020-ஆம் ஆண்டின் மலேசிய சூப்பர் லீக் பட்டியலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அது கோவிட் பருவம். 12 அணிகளும் ஒன்றையொன்று ஒரே முறை சந்தித்தன. 11 ஆட்டங்களோடு லீக் முடிந்தது. அதில் 6-ஆம் இடம் யூஐடிஎம் அணிக்கு. சூப்பர் லீக்கில் கால்வைத்த முதல் பல்கலைக்கழக அணி அது. முதல் பருவத்திலேயே அந்த இடம். 7-ஆம் இடம் பெட்டாலிங் ஜெயா சிட்டிக்கு. மீபா என்று நாம் அழைக்கும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி வளர்ந்தது அது. நம் மலாக்கா யுனைடெட் 9-ஆம் இடம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தும் யூஐடிஎம் 2021-இல் கடைசி இடத்துக்குச் சரிந்து பிரிமியர் லீக்கிற்கு இறங்கியது. உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே நம்பித் துணிச்சலாக ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. மலாக்கா யுனைடெட்டுக்கு 2023-க்கான உரிமமே கிடைக்கவில்லை. அந்த ஆண்டு சூப்பர் லீக்கில் 14 அணிகள். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை!

லீக் பட்டியல் கோல் கணக்கைச் சொல்லும். சம்பளக் கணக்கைச் சொல்லாது. அணி காணாமல் போகும்போது 25 வயது ஆட்டக்காரன் கையில் என்ன மிஞ்சும்? படித்துக்கொண்டே ஆடியவனுக்குப் பட்டமாவது மிஞ்சும். ஆட்டத்தை மட்டுமே நம்பியவனுக்குப் பழைய ஜெர்சிதான்.

நம் வீடுகளில் இரண்டு வகைப் பெற்றோர் இருக்கிறார்கள். "பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படி" என்பவர்கள் ஒரு வகை. "பையன் நன்றாக ஆடுகிறான், படிப்பு எதற்கு" என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டுமே பிள்ளைக்கு நட்டம்.

யூஐடிஎம் பூமிபுத்ராக்களுக்கான பல்கலைக்கழகம். அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. டுரியான் துங்காலில் உள்ள மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நமக்குப் பக்கம்தான். யூபியு வழி விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளி 100-இல் 90 படிப்புக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளி அணியில் ஆடியது, மாவட்டத்தைப் பிரதிநிதித்தது, மாநிலத்துக்கு ஆடியது எல்லாம் அந்த 10-இல்தான் வரும். ஒரு புள்ளி குறைந்து இடம் நழுவும் காலத்தில் அது சின்ன எண்ணா?

ஆகவே பையனை மாலையில் திடலுக்கு விடுங்கள். ஆறரைக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து அவன் கொண்டுவரும் சான்றிதழை அலமாரிக்கு மேலே போட்டு மறந்துவிடாதீர்கள். ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கி வையுங்கள். எந்த அணி எந்த இடத்தில் இருந்தாலும், அந்தக் கோப்பு அவனுடையது.