பழைய கணினியும் பயன்தரு செலவும்

பழைய பொருள் யாவும் பயனற்ற பொருள் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. இதனாற் பெரிதும் இழப்படைவோர் நடுத்தர வருவாயுடைய குடும்பத்தினரே. வீட்டுக் கணினி சற்றுத் தாமதித்து இயங்கத் தொடங்கியதும், அதன் காலம் முடிந்துவிட்டதென விற்போர் கூறுகின்றனர். நாமும் கடன்பட்டேனும் புதியதை வாங்க முற்படுகின்றோம். பத்தாண்டு உழைத்த கணினியை ஒதுக்குதற்கு முன், அதன் குறை எவ்விடத்தது என ஆராய்தலே அறிவுடைமை என்பது எமது துணிபு.

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. கணினியும் அதன் உறுப்புகளும் இறக்குமதிப் பண்டங்களாதலின், அன்று ஏறிய விலையின் சுமை இன்னும் முற்றாக நீங்கவில்லை. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலந்தொட்டு, கணினியோ மாணவர்க்கு இன்றியமையாத கருவியாயிற்று. ஆகவே, எவ்வுறுப்பை மாற்றுவது என்னும் வினா ஒரு பிள்ளையின் கல்வியோடு தொடர்புடைய வினாவாகும்.

கணினியை ஒரு நூல்நிலையத்துக்கு ஒப்பிடலாம். வன்தட்டு நூல்களை அடுக்கிய அலுமாரி, நினைவகம் அவற்றை விரித்து வைக்கும் மேசை, முறைவழியாக்கி வாசிப்பவன். வாசிப்பவன் வல்லவனாயினும், அலுமாரியிலிருந்து நூல் வந்து சேருமட்டும் அவன் வாளாவிருத்தல் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றின் நோய் இதுவே. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் வன்தட்டில், வாசிக்கும் முனை உரிய இடத்தை அடைதற்கே மில்லிசெக்கன்கள் பல கழிகின்றன. சுழலும் பாகம் எதுவுமற்ற எஸ்.எஸ்.டி. என்னும் வட்டு, அவ்வேலையை ஒரு மில்லிசெக்கனின் சிறு பின்னத்தில் முடிக்கும். ஆதலின் முதற்செலவு இதற்கே உரியது. 240 அல்லது 256 கிகாபைற் கொள்ளளவு வீட்டுத் தேவைக்குப் பெரும்பாலும் போதும். கழற்றிய வன்தட்டு பழுதற்றதாயின், அதனை ஓர் உறையிலிட்டுப் படங்களையும் பாடக்குறிப்புகளையும் பிரதிசெய்து வைத்தற்குப் பயன்படுத்தலாம்.

அடுத்தது நினைவகம். 4 கிகாபைற்றை 8 ஆக்கின் மேசை இருமடங்கு அகலும். ஆயின் டி.டி.ஆர்.3 வகைக்குரிய இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, மேசைக்கணினிக்குரியது மடிக்கணினிக்குப் பொருந்தாது. உள்ளதன் வகையையும், தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவையும் அறியாது கடைக்குச் செல்லுதல் தகாது. காற்றாடியிற் படிந்த தூசியை அகற்றுதற்கோ செலவேயில்லை. வெப்பம் தணியும், வேகமும் ஓரளவு மீளும்.

இவ்விரண்டோடு நிறுத்துதல் வேண்டும் என்பதே எமது கருத்து. புதிய தலைமுறை முறைவழியாக்கியை விரும்பின் தாய்ப்பலகையும் மாறவேண்டும்; அதனோடு நினைவகமும் மாற நேரிடும். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்ற கதையாக அது முடியும். திருத்தச் செலவு, நல்ல நிலையிலுள்ள பாவித்த கணினி ஒன்றின் விலையிற் பாதியைத் தாண்டுமாயின், பழையதைக் கைவிடுதலே முறை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றதன்றோ? விண்டோஸ் 11 பழைய முறைவழியாக்கிகளை ஏற்பதில்லையன்றோ? உண்மையே. ஆயினும் லினக்ஸ் மின்ற் போன்ற பணிசெயல் முறைமைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டுரை எழுதுதல், தமிழிற் தட்டச்சுச் செய்தல், இணையவழி வகுப்பிற் சேர்தல் ஆகிய யாவும் அவற்றிற் கைகூடும். சில மென்பொருள்கள் அவற்றில் இயங்கா. தமக்கு இன்றியமையாதது அவற்றுள் ஒன்றாயின், முன்னரே ஆராய்ந்து முடிவு செய்க.

நிறைவாகப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தாம் பாவித்த கணினிகளைக் கல்லூரிக்கு அன்பளிப்புச் செய்வோர் நம்மிடையே உளர், அவர் நன்றிக்குரியவர். அவ்வாறு வழங்குமுன் புதிய வட்டொன்றைப் பொருத்தி, நினைவகத்தையும் கூட்டி அளிப்பாராயின், அது களஞ்சிய அறையின் மூலையில் முடங்காது. கணினி வாங்க வசதியற்ற வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கு, உழைக்கக்கூடிய கருவியொன்று கிடைக்கும். கொடை என்னும் பெயர் அதற்கே பொருந்தும்.