காத்து உண்டா, தம்பி?

கார்த்திகை பிறந்தால் எங்கள் கீரமங்கலத்தில் என் மதிப்பு கொஞ்சம் ஏறும். பி.காம். படித்தவன், பத்திரிகைக்கு எழுதுகிறவன், ஆகவே வானிலை தெரிந்தவன் என்று ஊரில் முடிவு கட்டியிருக்கிறார்கள். டெபிட், கிரெடிட்டுக்கும் காற்றழுத்தத் தாழ்வுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. 'வர்ற வாரம் எப்படிப்பா போட்ருக்கான்?' என்று கேட்டு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். நானும் குடிக்கிறேன்.

நீங்களும் சென்னையிலோ திருப்பூரிலோ ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் போன் போட்டு 'அங்க மழையா?' என்று கேட்கிற ஆசாமிதானே? அப்படியானால் உங்களுக்கும் இது உதவும்.

முதலில் அந்த 'ஓரிரு இடங்களில்'. தமிழில் இதைவிட அதிகம் திட்டு வாங்கிய வார்த்தை கிடையாது. 'எங்கயோ பெய்யும்னு சொல்ல ஒரு ஆபீஸா?' என்பார்கள். ஆனால் நுங்கம்பாக்கத்துக்காரர்கள் அதைக் கணக்கோடுதான் சொல்கிறார்கள். ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால் பங்குக்குள் மழை விழுந்தால் 'ஓரிரு இடங்கள்'. பாதி வரை போனால் 'ஒருசில இடங்கள்'. முக்காலையும் தாண்டினால் 'பெரும்பாலான இடங்கள்'. கனமழையும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. கொட்டினால் கனமழை, 12 முதல் 20 என்றால் மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஆரஞ்சு அலர்ட் என்றால் 'தயாராக இரு' என்று அர்த்தம். ஸ்கூல் லீவு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டது நம் பிள்ளைகள்.

அடுத்தது, ஒரு வாரத்துக்கான அறிக்கையில் ஏழு நாளும் ஒரே ஜாதி இல்லை. முதல் இரண்டு நாளை நம்பிப் பூப்பறிக்க ஆள் சொல்லலாம். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் எல்லாம் பட்ஜெட் எஸ்டிமேட். ஆடிட் பண்ணின பேலன்ஸ் ஷீட் மாதிரி அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடக் கூடாது.

இதற்கு கஜாவை விடப் பெரிய சாட்சி வேண்டாம். 2018 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அது புயலானது. ஆரம்பத்தில் சொன்ன இடம் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவே. 'அது மெட்ராஸ் புயல், நமக்கென்ன' என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள். 16-ம் தேதி வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்பே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் ஏறி, நேரே மேற்கே எங்கள் பக்கம் வந்தது. வானிலைத் துறையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தினம் தினம் திருத்திக்கொண்டே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டதை வெள்ளிக்கிழமை வரை கையில் வைத்திருந்தால் அது யார் குற்றம்?

கரை கடந்தபோது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று. நாங்களோ அதுவரை மழையை மட்டுமே விசாரித்துப் பழகியவர்கள். மழை அதிகமானால் மல்லிகை மொட்டு அழுகும், விலை ஏறும், விற்கத்தான் பூ இருக்காது. அந்த நஷ்டம் ஒரு முகூர்த்தத்தோடு போய்விடும். தென்னை அப்படியா? நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். காலேஜில் எங்களுக்கு தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. சொத்தின் மதிப்பை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். இங்கே அப்பா வைத்த தோப்பு, பலா மரங்களோடு சேர்ந்து, ஒரே ராத்திரியில் கணக்கிலிருந்து போனது. பொழுது விடிந்ததும் எந்தத் தோப்பு யாருடையது என்று வேலியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் டீக்கடைக் கேள்வி மாறிவிட்டது. 'மழையை விடு. காத்து உண்டா, தம்பி?'

பதில் மழை வரியில் இருக்காது. அறிக்கையின் அடியில் 'மீனவர்களுக்கான எச்சரிக்கை' என்று ஒன்று வருமே, அதில் இருக்கும். கடலையே பார்க்காத பூக்காரப் பெரியம்மாவுக்கு நான் மீனவர் எச்சரிக்கை படித்துக் காட்டுகிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். '35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55' என்பது இந்த சீசனில் அடிக்கடி வரும் வரி. அது கடல் காற்று, நிலத்துக்குள் வர வர வேகம் குறையும். 62-ஐத் தொட்டால் அது புயல். பெயர் வைப்பதும் அப்போதுதான். எண் நாளுக்கு நாள் ஏறுகிறதா, சொல்லும் ஊர் கடலூரிலிருந்து தெற்கே நகர்கிறதா, இந்த இரண்டைப் பார்த்தால் போதும். ஏறுகிறது என்றால் முற்றின தேங்காயை இறக்கிவிடலாம், அடிமட்டைகளைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறைக்கலாம், வாழைக்கு முட்டுக் கொடுக்கலாம். இரண்டு நாள் அவகாசம் இருந்தால் இவ்வளவும் நடக்கும். மரம் ஏற ஆள் கிடைக்க வேண்டும், அது வேறு கதை.

அதனால் இந்தத் தடவை ஊருக்குப் போன் போடும்போது மழையாவென்று கேட்காதீர்கள். மழை அவர்கள் தலைமேலேயே பெய்கிறது, அவர்களுக்குத் தெரியும். அப்பா முதலில் 'சாப்டியா?' என்பார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த மீனவர் வரியை அன்றைய தேதியோடு படித்துச் சொல்லுங்கள். மறுநாள் மறுபடி போன் போட்டு, புது வரியைப் படியுங்கள்.