மக்களிசை ஒலிக்கும் மன்றிற்குச் செல்க!

தமிழிசையின் தொன்மையை மேடைதோறும் முழங்குவார் பலர். யாழின் நரம்பையும் பாலையின் வகையையும் பற்றி நாழிகைக் கணக்கில் உரையாற்றுவார் சிலர். ஆனால், தம் வீட்டிற்கு இரண்டு தெருத் தள்ளி, ஒரு திடலிலோ பூங்காவிலோ பறையும் தவிலும் ஒலிக்கின்ற மாலைப்பொழுதில், அவர்தம் இருக்கை வெற்றிடமாகவே கிடக்கின்றது. வாயால் வாழ்த்தப்பெறும் ஒரு கலை, செவியால் கேட்கப்பெறாமற் போவதினும் இரங்கத்தக்கது பிறிதொன்று உண்டோ?

மொழி பேசுவார் உள்ளவரை வாழும். இசையோ கேட்பார் உள்ளவரையே வாழும். யாழின் வரலாறு இதற்குப் போதிய சான்று. பாணர் கையிலும் விறலியர் மிடற்றிலும் தமிழ்நிலமெங்கும் நடந்து திரிந்த இசை, கேட்பாரும் புரப்பாரும் அருகியபோது தானும் அருகிற்று. அதன் இலக்கணத்தை ஆராய்ந்து மீட்க, விபுலானந்த அடிகள் 'யாழ்நூல்' எழுதி 1947 ஆம் ஆண்டில் வெளியிட நேர்ந்தது. அஃது அரும்பெரும் நூலே, ஐயமில்லை. ஆனால், உயிரோடிருக்கும் கருவியை மீட்பதற்கு எவரும் நூலெழுத வேண்டியதில்லை என்பதையும் எண்ணுதல் வேண்டும். யாழுக்கு நேர்ந்தது பறைக்கும் உறுமிக்கும் வில்லுக்கும் நேரலாகாது.

தமிழர் தம் நிலத்தையும் வாழ்வையும் வகுத்த முறையிலேயே இசைக்கு இடம் வைத்தனர். தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என ஒவ்வொரு திணைக்கும் உரிய பறையை உரைகாரர் வகுத்துக் காட்டுவர். துடியன், பாணன், பறையன், கடம்பன் எனும் நால்வரையும் சிறந்த குடியினராகப் புறநானூற்றின் 335 ஆம் பாட்டுப் போற்றுகின்றது. இந்நால்வருள் துடியனும் பாணனும் பறையனும் இசைக்கருவியாலும் இசைத்தொழிலாலும் பெயர்பெற்றோர். அத்தகு பெருமையுடைய குடியைப் பிற்காலத்தார் ஊருக்கு வெளியே நிறுத்தினர்; கருவியையும் அவரோடு சேர்த்து வெளியே நிறுத்தினர். தமிழிசைக்கு நேர்ந்த இழிவுகளுள் தலையாயது இதுவே.

இருபதாம் நூற்றாண்டில் தமிழிசைக்கு ஒரு விழிப்பு வந்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' அவ்விழிப்பிற்கு வித்திட்டது. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப்பாட்டு ஒலிக்க இடமின்றிப் போனமை கண்டு அண்ணாமலை அரசர் முதலியோர் கிளர்ந்தெழுந்தனர். 1943 ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பிறமொழிப் பாட்டே பாட்டு என்றிருந்த அவைகளில் தமிழ்ப்பாட்டுக்குத் தலைமை கேட்ட அவ்வியக்கத்தின் நன்றி மறக்கற்பாலதன்று. எனினும், ஒரு பணி எஞ்சி நின்றது. அரங்கினுள் பாடப்பெறும் பாட்டின் மொழி மாறிற்று. அரங்கின் வாயில் மட்டும் முன்போலவே குறுகி நின்றது. தேவாரம் உள்ளே சென்றது. தெம்மாங்கு வெளியே நின்றது. குழலும் முழவும் உள்ளே சென்றன. பறையும் பம்பையும் தெருவிலேயே நின்றன. அவ்வெஞ்சிய பணிதான் இற்றைத் தமிழர் கைக்கு வந்துள்ளது.

அப்பணி தொடங்காமலும் இல்லை. தலைநகராம் சென்னையையே எடுத்துக்கொள்க. 2007 ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தொடங்கிய 'சென்னை சங்கமம்' நாட்டுப்புறக் கலைஞரை ஊர்களிலிருந்து அழைத்துவந்து, பூங்காக்களிலும் கடற்கரையிலும் கட்டணமின்றி மக்கள்முன் நிறுத்தியது. சில ஆண்டுகள் நடந்து இடையில் நின்றுபோன அவ்விழா, 2023 ஆம் ஆண்டு சனவரியில் மீண்டும் நடைபெற்றது. 2015 ஆம் ஆண்டில் ஊரூர் ஆல்காட்டுக் குப்பத்து மீனவர் தெருவில் ஒரு விழா தொடங்கிற்று. அரங்கிசையும் தெருவிசையும் ஒரே மணலில் அமர்ந்து கேட்கப்பெற்றன. 2018 ஆம் ஆண்டு சனவரியில், நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியால் 'காசுட்லெசு கலெக்டிவ்' எனும் இசைக்குழு சென்னையில் அரங்கேறியது. வடசென்னையின் கானாவும் பறையும் புதிய கருவிகளோடு இணைந்து, சாதிக்கொடுமையை நேர்நின்று பாடின. அதே மையம் 2020 ஆம் ஆண்டுத் திசம்பரில் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. மார்கழி என்றாலே அவையிசைதான் எனும் நெடுநாள் எண்ணத்திற்கு அஃது ஒரு மறுமொழியாயிற்று. இவையன்றித் திரைப்படத்தின் துணையை நாடாது, தாமே எழுதித் தாமே இசையமைத்துப் பாடும் தனியிசைக் குழுக்களும் சிற்றரங்குகளில் தமிழை ஒலிக்கச் செய்கின்றன.

இவற்றின் பெயர்களைக் கேட்டவுடன் தமிழன்பர் சிலர் முகஞ்சுளிப்பர். சுளிப்பதில் பொருளும் உண்டு. கூடல் எனும் இனிய சொல் இருக்கச் 'சங்கமம்' எதற்கு? அயோத்திதாசப் பண்டிதர் நூற்றாண்டிற்கு முன்பே வழங்கிய 'சாதிபேதமற்ற' எனும் தொடரினின்று கருத்தெடுத்த குழு, தன் பெயரை ஆங்கிலத்தில் சூட்டிக்கொண்டது எதற்கு? வினாக்கள் முறையானவையே. ஆனால், அவ்வினாவை எழுப்பும் உரிமை, முன்வரிசையில் அமர்ந்து முழுதுங் கேட்டவனுக்கே மிகுதியும் உண்டு. பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்பிச் சென்றவன் சொல்லும் திருத்தத்தை எந்த இளைஞன் ஏற்பான்? கேட்டு, மகிழ்ந்து, கைதட்டி, அதன்பின் அருகே சென்று அன்போடு சொல்லப்பெறும் சொல்லே உள்ளத்தில் தைக்கும். பெயர் பிறமொழியாயினும் பாட்டு தமிழ். பாடுவோர் வாழ்வு தமிழ். பெயரை நாளை மாற்றிக்கொள்ளலாம். அற்றுப்போன இசையை நாளை மீட்கவியலாது.

"ஒலிப்பதிவு கைப்பேசியிலேயே கிடைக்கின்றதே, நேரிற் சென்று கேட்பானேன்?" என்பார் உளர். பறை முழங்குமுன் நிகழ்வதை அவர் கண்டதில்லை போலும்! மூன்று மரத்துண்டுகளை இணைத்துச் செய்த வட்டச்சட்டத்தில், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டிய தோல் அது. நிகழ்ச்சிக்கு முன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தீயில் வாட்டுவர். தோல் இறுக இறுக ஒலி உயரும், தட்டிப் பார்ப்பர், மீண்டும் வாட்டுவர். பின்னர் ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறுகையில் மெலிந்த சிண்டுக்குச்சியும் ஏந்தி, அடியும் ஆட்டமும் ஒன்றாக வட்டமிட்டு வருவர். அவ்வொலி செவியில் மட்டும் விழுவதன்று, நெஞ்சாங்கூட்டில் விழுவது. எந்தப் பதிவுக்கருவி அதனைத் தரும்?

வில்லுப்பாட்டும் அத்தகையதே. வீசுகோல் வில்லில் விழ, மணிகள் குலுங்க, குடமும் உடுக்கும் உடன் ஒலிக்க, முதற்பாடகர் கதையை எடுத்துச்சொல்லப் பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடுவார். அந்த 'ஆமாம்' உண்மையில் அவையின் குரலாகும். அவை உறங்கினால் கதை சுருங்கும். அவை விழித்திருந்தால் கதை விரியும். வடசென்னையில் இறந்தார் வீட்டின்முன் இரவு முழுதும் கானா பாடுவோர், அன்று மறைந்தவரின் பெயரையும் பண்பையும் அங்கேயே பாட்டில் தொடுப்பர். கேட்போரின் கண்ணீரும் நகைப்புமே அடுத்த அடியை ஈன்றுதரும். இவ்வாறு மக்களிசையில் கேட்பவன் பாதி, பாடுபவன் பாதி. கேட்பவன் வாராதிருப்பின் பாட்டே பாதியாகிவிடும்.

இனி, யாவற்றினும் இன்றியமையாத ஒன்றுண்டு. விழா நான்கு நாள் முடிந்தபின், அக்கலைஞர் எஞ்சிய நாளெல்லாம் என்ன செய்கின்றார்? பறையடிப்பது கலையாக அன்றிக் கட்டாயக் குலத்தொழிலாகச் சுமத்தப்பட்ட ஊர்கள் பல. சாவுக்கு அடி என்று அதட்டி அழைத்து, கூலிக்கு மாறாகக் கள்ளும் சில்லறையும் எறிந்த கொடுமை இந்நிலத்தில் நடந்தது. அக்கொடுமையை எதிர்த்துப் பறையைக் கீழே வைத்தவர் செய்தது மானமுள்ள செயல். அவரைப் பார்த்துத் 'தமிழர் கருவியைக் கைவிட்டீரே' என்று கடிந்துகொள்ளும் தகுதி எவருக்கும் இல்லை. அதே பறையைத் தம் விருப்பால் மீண்டும் ஏந்தி, விலைபேசிப் பெயர்போட்டு மேடையேறுபவர் செய்வதும் மானமுள்ள செயலே. மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 ஆம் ஆண்டில் தாமரைத்திரு விருது அறிவிக்கப்பெற்றது. விருது மகிழத்தக்கதே. ஆயினும் ஒருவர் கழுத்தில் விழுந்த மாலை, ஓராயிரவர் வீட்டு அடுப்பை எரிக்காது. அதனை எரிப்பது ஊரார் கொடுக்கும் ஊதியமும் மதிப்புமே.

எனவே தமிழுணர்வுடையார் செய்யத்தக்கன சில உள. திங்களுக்கு ஒரு மாலையேனும் தம் நகரில் நிகழும் மக்களிசை நிகழ்ச்சிக்குச் செல்லுதல் வேண்டும். தனியே செல்லாது மக்களையும் பெயரரையும் உடனழைத்துச் செல்லுதல் வேண்டும். கைப்பேசியைத் தூக்கிப் படமெடுத்துவிட்டுப் பாதியில் எழாமல், இறுதிவரை அமர்ந்து கேட்டல் வேண்டும். கட்டணம் வைத்தவிடத்துக் கட்டணம் கொடுத்தும், துண்டு விரித்தவிடத்துத் துண்டை நிறைத்தும் வருதல் வேண்டும். தம் இல்லத் திருமணத்திற்கும் புதுமனை புகுவிழாவிற்கும் பறையையும் நையாண்டி மேளத்தையும் அழைத்தல் வேண்டும். அழைத்தால், பேசிய ஊதியத்தை முழுதுங் கொடுத்து, அழைப்பிதழில் கலைஞர் பெயரை அச்சிட்டு, விருந்தினரோடு ஒரே பந்தியில் அமர்த்துதல் வேண்டும். பின்கட்டில் இலைபோட்டுவிட்டு முன்கட்டில் தமிழிசையைப் புகழ்வது பொய்ம்மையினும் பொய்ம்மை. பறை பயிற்றும் பள்ளி அருகிலிருப்பின், எக்குடியிற் பிறந்த பிள்ளையாயினும் அங்கே அனுப்புதல் வேண்டும். எல்லார் கையிலும் பறை ஏறும் நாளில்தான் அது எவர்க்கும் இழிவாகாது நிற்கும்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பெரும்புலமையும் வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுதும், தரையில் அமரக் கூசாத உடலும், அருகமர்ந்தவன் எக்குலம் என்று வினவாத உள்ளமுமே வேண்டும். இவ்வளவும் செய்யாமல் தமிழிசை வாழ்க என்று எழுதுவதும் முழங்குவதும், பசித்தவன் இலையில் சோறு என்று எழுதிக் காட்டுவதையே ஒக்கும்.

அடுத்த தெருவில் தோல் தீயில் வாட்டப்படுகின்றது. ஒலி உயர்ந்துகொண்டிருக்கின்றது. தமிழன் தன் வீட்டுப் பலகணியைச் சாத்துவானா, வாயிலைத் திறந்து வெளியே வருவானா என்பதே வினா. வாயில் திறக்க! மன்று நிறைக! மக்களிசை வெல்க!