தொலைக்காட்சி நாடகங்களும் இளையோர் தற்கொலையும்

பகிடிவதையால் நொந்த மாணவர் உயிர்துறப்பதாகக் காட்டும் தொலைக்காட்சி நாடகங்களுக்கு, சமூகத்தில் நடப்பதையே அவை காட்டுகின்றன என்று நியாயம் கற்பிக்கப்படுகின்றது. யதார்த்தத்தின் பெயரால் நிற்கும் இந்நியாயம் உண்மைக்கு மாறானது.

2017ஆம் ஆண்டு நெட்பிளிக்ஸ் வெளியிட்ட ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ என்னும் அமெரிக்கத் தொடர் இதற்குத் தக்க சான்று. சக மாணவரின் அவமதிப்புக்கும் வன்செயலுக்கும் ஆளான மாணவி இறந்த பின்னர், அவள் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் பேசுகின்றன. உயிரோடிருக்கையில் எவரும் கேளாத குரலை, வருத்தியோர் ஒருவர்பின் ஒருவராகக் கேட்டு நடுங்குகின்றனர். அவள் உதவி நாடிச் சென்ற பாடசாலை ஆலோசகரோ முன்னரே கைவிட்டார். வாய்திறந்து கேட்பதாற் பயனில்லை, மரணமே நீதி பெறும் வழி என்பதன்றி இதன் உட்பொருள் வேறென்ன? தொடர் வெளியானதை அடுத்த ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுடையோரின் தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் உயர்ந்ததென 2019இல் ஓர் ஆய்வு காட்டிற்று. தொடர்தான் காரணமா என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. ஆயினும் அவ்வாண்டிலேயே நிறுவனம் மரணக் காட்சியை நீக்கிற்று. காட்சி நீங்கியது; கருத்து நீங்கவில்லை.

இலங்கையின் அனுபவம் அக்கருத்தை மறுக்கின்றது. 1995இல் இந்நாட்டின் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. வறுமையும் அவமானமும் அதற்குள் ஒழிந்துவிடவில்லை. அக்காலத்திற் பெரும்பகுதி போரும் நிகழ்ந்தது. எனினும் நெருக்கடிக் கணத்தைக் கடந்தோர் வாழ்ந்தனர். படுவான்கரை வயல்களை நம்பி வாழும் மக்களுக்கு இவ்வுண்மை அயலானதன்று. ஆகவே, அவமானத்தின் தவிர்க்கவியலா முடிவு சாவு என்று காட்டுவது யதார்த்தமன்று; விதிவாதமே.

மட்டக்களப்பின் கூத்துக் களரியிலும் மரணம் உண்டு. ஆயின் அது ஆட்டத்தாலும் பாட்டாலும் உணர்த்தப்படும். ஊர் கூடியிருந்து பார்க்கும். கலங்கும் பிள்ளையின் அருகில் தாயும் அயலவரும் இருப்பர். இன்று நள்ளிரவிற் கைத்தொலைபேசித் திரையை நோக்கும் பிள்ளையின் அருகில் எவருமிலர். இந்நிலையில் நாடகாசிரியரின் பொறுப்பு பன்மடங்காகின்றது.

வதையைக் காட்டவேண்டாம் என்று எவரும் கூறவில்லை. கண்டும் காணாதிருந்த ஆசிரியரையும் சிரித்து நின்ற தோழரையும் காட்டுக. கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஏட்டளவில் நிற்பின், அதனையும் காட்டுக. துயருற்ற பிள்ளை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைப்பதையும், மறுமுனையில் ஒருவர் செவிமடுப்பதையும், அடுத்தநாட் பொழுது விடிவதையும் காட்டுக. இறந்தோர்க்காக அழும் சமூகத்தைத் திரையில் நிறுத்துதல் எளிது. உயிரோடிருக்கும் பிள்ளைக்குச் செவிசாய்க்கும் சமூகத்தைப் படைப்பதே கலையின் கடன்.