இருபதுக்கு இரண்டு ஆண்டு குறைவு

‘ரிசர்விஸ்ட்’ என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது அலமாரிக்கு அடியில் கிடக்கும் பூட்ஸ், ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள், வேலையைத் தலையில் கட்டிவிட்டுப் போகிறாரே என்ற சக ஊழியரின் முணுமுணுப்பு. எனவே, ‘முழுநேர ரிசர்வ்’ என்று சொன்னால் சிங்கப்பூரில் யாருக்கும் புரியாது. அமெரிக்காவில் அப்படி ஒரு வேலை உண்டு. என் மாமா மகன் டெக்சஸில் அதைத்தான் செய்கிறான்.

அங்கே தேசியக் காவல் படையிலும் ராணுவ ரிசர்விலும் பெரும்பாலோர் மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சிக்கு வருபவர்கள். அவர்கள் வராத நாள்களிலும் சம்பளப் பட்டியல் போட, பயிற்சியைத் திட்டமிட, ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அந்த முழுநேர ஆள்களை ‘ஏஜிஆர்’ என்கிறார்கள். நிரந்தர ராணுவத்தினருக்கு உள்ள அதே சம்பளம், அதே விடுப்பு. முழுநேரமாக 20 ஆண்டு முடித்தால் மறு மாதமே ஓய்வூதியம்.

ஈப்போவிலிருந்து பதினைந்து வயதில் பெற்றோருடன் போனவன், இருபதில் படையில் சேர்ந்தான். இப்போது வயது 42. சில ஆண்டுகளுக்கு முன் போர்ப் பயிற்சியில் கவச வாகனத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. மருத்துவர்கள் கோப்பை உடல்தகுதி வாரியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் அவன் மனைவி அழைத்தாள். “அண்ணி, 22 வருஷம் ஆயிடுச்சு, மருத்துவ ஓய்வு கொடுக்கிறாங்களாம். வாங்கிக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்னு நான் சொல்றேன். அவர் யோசிக்கிறார்.”

அவன் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த 22 ஆண்டில் முதல் சில ஆண்டுகள் வார இறுதிச் சேவை. முழுநேரச் சேவை என்று எண்ணினால் 18தான். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில்தான் குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது.

மருத்துவ ஓய்வு என்றால் இப்படி. படைப்பணிக்குத் தகுதியில்லை என்று வாரியம் முடிவு செய்து, ஊனத்துக்கு 30 விழுக்காடோ அதற்கு மேலோ மதிப்பிட்டால் ஓய்வூதியமும், குடும்பத்துக்கு ராணுவ மருத்துவக் காப்பீடும் உண்டு. 20 ஆண்டு ஆகாதவருக்கு 30க்குக் கீழே போனால் ஒருமுறை கொடுக்கும் தொகையோடு வழியனுப்பிவிடுவார்கள். என் தம்பிக்கு வாரியம் 40 விழுக்காடு போட்டிருக்கிறது. முன்னாள் படைவீரர் விவகாரத் துறையோ 80 போட்டிருக்கிறது. ஒரே உடம்புக்கு எப்படி இரண்டு எண் என்று அவன் மனைவி கேட்டாள். ராணுவம், வேலை செய்யவிடாமல் தடுக்கும் முதுகை மட்டும் பார்க்கிறது. அந்தத் துறை, பணியால் வந்த காது இரைச்சல், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது எல்லாவற்றையும் பார்க்கிறது.

80 என்ற எண்ணைப் பார்த்ததும் குடும்பம் நிம்மதி அடைந்தது. நான் பேனாவை எடுத்தேன். கணக்கு எளிதாக இருக்க, கடைசி மூன்றாண்டு அடிப்படைச் சம்பளத்தின் சராசரி மாதம் 5,000 டாலர் என்றும், ஊன இழப்பீடு 2,100 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம்.

இன்றே மருத்துவ ஓய்வில் வந்தால், ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு வீதம் 18 ஆண்டுக்கு 45 விழுக்காடு. அதாவது 2,250 டாலர். ஊன விழுக்காட்டின்படி கணக்கிட்டால் 2,000தான் வரும், பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இதோடு இழப்பீடு 2,100 சேரும் என்றுதானே நினைப்போம்? சேராது. இழப்பீடாக வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஓய்வூதியத்தில் ஒரு டாலரைக் கழித்துவிடுவார்கள். இரண்டும் சேர்த்துக் கையில் வருவது அதே 2,250. இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முழுநேரச் சேவை 20 ஆண்டைத் தொட்டு, இழப்பீட்டு மதிப்பீடும் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் அந்தக் கழிவு இல்லை. 2004இல் வந்த மாற்றம் இது. அப்போது ஓய்வூதியம் 2,500, இழப்பீடு 2,100, மொத்தம் 4,600 டாலர். மாதம் 2,350 டாலர் வித்தியாசம்! இப்போது வெளியே வந்தாலும், 20 தகுதி ஆண்டு உள்ள ரிசர்வ் வீரர் என்பதால் பொதுவாக 60 வயதில் அவனுக்கு அந்தத் தடை தளரும். ஆனால் 44இலிருந்து 60 வரை 16 ஆண்டு. பெருக்கிப் பார்த்தால் சுமார் 450,000 டாலர்.

பேசாமல் விலகிவிட்டு ரிசர்வ் ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கலாமே என்று அவன் நண்பர் ஒருவர் சொன்னாராம். அது பொதுவாக 60 வயதில்தான் வரும். அதுவரை மருத்துவக் காப்பீட்டுக்கு முழுச் சந்தாவும் சொந்தப் பணம். நண்பருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகரலாம்.

தகுதியில்லை என்று முடிவானவரும் தொடர்ந்து பணியாற்ற அனுமதி கேட்கலாம். 15 முதல் 20 ஆண்டுக்குள் சேவை உள்ளவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. கேட்டால் கிடைத்துவிடும் என்றில்லை. அந்த உடம்போடு செய்யக்கூடிய வேலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தம்பிக்கு இப்போதே மேசை வேலைதான். அது அவனுக்குச் சாதகம்.

அனுமதி கிடைக்காவிட்டால் விழுந்த நாளின் விபத்து அறிக்கை முக்கியமாகிறது. போர்ப் பயிற்சியில் ஏற்பட்ட காயம் போர் சார்ந்த காயமாகக் கருதப்படலாம். அப்படி ஏற்கப்பட்டால், கழித்த பணத்தில் ஒரு பகுதி வேறு பெயரில், வரியில்லாமல் திரும்பி வரும். 20 ஆண்டு ஆகாதவர்களுக்கும் இது 2008 முதல் உண்டு. ‘வாகனத்திலிருந்து விழுந்தார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் வாதாட வேண்டியிருக்கும்; ‘களப் பயிற்சியின்போது கவச வாகனத்திலிருந்து’ என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. போர் சார்ந்த காயத்தால் 20 ஆண்டுக்கு முன்பே வெளியேறியவர்களுக்கு இரண்டையும் முழுமையாகக் கொடுக்கக் கோரும் மசோதா ஒன்றும் உண்டு. நுரையீரல் புற்றுநோயால் 2021இல் இறந்த ரிசர்வ் அதிகாரி மேஜர் ரிச்சர்ட் ஸ்டாரின் பெயரில், நாடாளுமன்றத்தில் ஒருமுறைக்கு மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். மசோதாவை நம்பி வீட்டுக் கடன் கட்ட முடியாது.

என் கணக்கை எல்லாம் கேட்டுவிட்டு அவன் மனைவி சொன்னாள்: “பணம் சரி அண்ணி. ராத்திரி அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கப் படுற பாட்டை நீங்க பார்க்கலையே.” பார்க்கவில்லைதான். நாற்காலியில் இன்னும் இரண்டு ஆண்டு உட்கார்ந்தால் முதுகு இப்படியே இருக்குமா, மோசமாகுமா என்று முதுகெலும்பு மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். மோசமாகும் என்றால் 450,000 டாலரை மறந்துவிட்டு வெளியே வரட்டும் என்பதே என் கருத்து. இப்படியே இருக்கும் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு இருபதைத் தொடட்டும்.

வாரியத்தின் முடிவு கைக்கு வந்தபின் பதில் சொல்லச் சில நாள்தான் தருவார்கள். வீரர்களுக்காக வாதாட ராணுவமே இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. அவரிடம் போகுமுன், முழுநேர நாள்களையும் வார இறுதி நாள்களையும் தனித்தனியாகக் காட்டும் சேவைப் புள்ளித் தாளை எடுத்து ஒரு நாளும் விடாமல் எண்ணச் சொல்லியிருக்கிறேன். ஆரம்பப் பயிற்சிக் காலமும் வெளிநாட்டுப் பணியும் அதில் ஏறியிருக்கின்றனவா என்று மனைவி சரிபார்க்கிறாள். நேற்றுவரை 2009 வரை வந்திருக்கிறாளாம்.