விண்ணப்பத்துக்கு முன்னால் ஓர் ஒட்டு

நம் பள்ளிகளில் ஒரு குழந்தை எழுதக் கற்றுக்கொள்ளும் முதல் உரைநடை பெரும்பாலும் விடுப்பு விண்ணப்பமாகத்தான் இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், ஐயா, எனக்குக் காய்ச்சல், ஆகவே இரண்டு நாள் விடுப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன். காய்ச்சல் மெய்யா பொய்யா என்பது திருத்துகிறவரின் கவலை அன்று. பணிவு உரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதற்கே மதிப்பெண். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் கற்பித்து, 'கடிதம் எழுதுக' என்னும் வினாவுக்கான விடைகளைக் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கும் நமக்கு இந்த வழக்கத்தில் பங்கில்லை என்று கைகழுவிவிட முடியாது. அந்தப் பங்கு எவ்வளவு என்பது 2025 மார்ச் மாதத்தில்தான் நமக்கு உறைத்தது.

முன்பு நம் வகுப்பில் இருந்தவர், கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி, துறை அறைக்கு நான்கு தாள்களுடன் வந்தார். கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'சம்மர் ஆஃப் கோடு' திட்டத்துக்கு அவர் விண்ணப்பிக்க விரும்பினார். வாசக நண்பர்களில் அறியாதோருக்காக இதைச் சொல்லிவிடலாம். திறந்த மூல மென்பொருள் என்பது நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமத்தோடு வெளியாவது. அத்தகைய மென்பொருளை உருவாக்கும் அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, இன்ன வேலையை இத்தனை வாரத்தில் செய்து தருகிறேன் என்று முன்மொழிய வேண்டும். அமைப்பு ஏற்றால் ஒரு வழிகாட்டியும், முடித்தால் ஊக்கத்தொகையும் உண்டு. முதல் ஆண்டில் 400-க்கு மேற்பட்ட மாணவர்கள் தேர்வானார்கள். மாணவருக்கு 4,500 டாலர், வழிகாட்டிய அமைப்புக்கு 500 டாலர் என்பது அன்றைய கணக்கு. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். இதன் முதற் பத்தாண்டுகளில் மிகுதியான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இல்லை. இலங்கையின் மொறட்டுவையில் இருந்தது.

தமிழாசிரியரிடம் இதைக் கொண்டுவரக் காரணம் என்ன என்று கேட்டோம். "ஐயா, அகர வரிசையை நீங்கள்தான் சரிபார்த்துத் தரவேண்டும்" என்றார்.

அவர் தேர்ந்திருந்தது சிறு நூலகங்களுக்கான ஒரு பட்டியல் மென்பொருள். அதில் தமிழ்ப் பெயர்களைப் பட்டியலிட்டால் வரிசை கலைந்து வருகிறது. மதி, மரம், மலர், மழை, மறை, மனம் என்று வரவேண்டியவை மதி, மனம், மரம், மறை, மலர், மழை என்று வருகின்றன. யூனிகோடு அட்டவணையில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 1988-இன் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டுத் தரத்தின் அடியொற்றி அமைந்தது. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சட்டகத்தில் தமிழும் பொருத்தப்பட்டதால் ந-வுக்கு அடுத்து ன-வும், ர-வுக்கு அடுத்து ற-வும், ல-வுக்கு அடுத்து ள, ழ இரண்டும் வந்து அமர்ந்துகொண்டன. புள்ளியோ உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விட்டது. ஆகவே குறியீட்டு எண்ணை மட்டும் நம்பி வரிசைப்படுத்தும் மென்பொருளில் 'பகை'க்குப் பின்னால்தான் 'பக்கம்' வரும். தமிழ் அகராதிகள் பொதுவாக அப்படி வைப்பதில்லை. இத்தனைக் காலம் கணினியில் தமிழ் எழுதிவரும் நாம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். 'கணினிக்குத் தமிழ் தெரியாது' என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்திருக்கிறோம். இருபது வயதுப் பெண் ஒருவர் அது ஏன் என்று கேட்டு, மூலநிரலில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

வரிசையைச் சரிபார்த்துக் கொடுத்தோம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், விண்ணப்பத்தையும் திருத்தினோம். அவர் எழுதியிருந்த ஆங்கிலம் கரடுமுரடாக இருந்தது. 'இந்தக் கோப்பில் இந்த இடத்தில் பிழை. நான் பார்த்தேன். இப்படிச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். தேர்வு வாரத்தில் வேலை செய்ய முடியாது' என்ற தோரணை. நாம் அதன் தலையில் மென்பொருளின் பெருமையைப் பாடும் ஒரு பத்தியைச் சேர்த்தோம். சிறுவயது முதல் அவருக்குக் கணினி மீதிருந்த தீராத வேட்கையைச் சேர்த்தோம். வாய்ப்பளித்தால் என்றென்றும் நன்றியுடையவளாயிருப்பேன் என்று முடித்தோம். தேர்வு வாரத்தைப் பற்றிய வாக்கியத்தை நீக்கிவிட்டோம், மரியாதையாக இராது என்று. இரண்டு பக்கத்தில் அடங்கியிருந்தது நான்கானது. அப்போது அது நமக்கு மிகுந்த திருப்தியளித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

அவர் அதை முன்கூட்டியே அந்த அமைப்பின் வழிகாட்டி ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். வந்த பதிலில் நம் பத்திகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு கேள்விகளே இருந்தன. எந்தெந்த வாரங்களில் உங்களால் வேலை செய்ய இயலாது? இதுவரை எங்களுக்கு ஏதாவது ஒட்டு அனுப்பியிருக்கிறீர்களா?

ஒட்டு என்று நாம் எழுதுவதை அவர்கள் பேட்ச் என்கிறார்கள். கிழிந்த இடத்தில் வைக்கும் துணித்துண்டு. நிரலில் எந்த வரியை எடுத்து எந்த வரியை வைப்பது என்பதை மட்டும் காட்டும் சிறு கோப்பு. முறையான விண்ணப்பத்துக்கு முன்பே இப்படி ஒன்றாவது அனுப்பியிருக்கவேண்டும் என்று பல அமைப்புகள் வெளிப்படையாகவே விதித்திருக்கின்றன. அதாவது உள்ளே வருவதற்கு அனுமதி கேட்கும் கடிதத்துக்கு முன்னால், உள்ளே நின்று ஒரு வேலையைச் செய்து காட்டியிருக்கவேண்டும். நம் விடுப்பு விண்ணப்ப மரபில் வளர்ந்த ஒருவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். நமக்கும் தோன்றியது. ஆனால் அந்த உலகத்தின் பிறப்பே அப்படித்தான். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த இருபத்தோரு வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக மினிக்ஸ் பயனர்களின் செய்திக்குழுவில் அறிவித்தபோது யாரிடமும் எந்த வாய்ப்பையும் வேண்டவில்லை. இதுவரை செய்தது இது, உங்களுக்கு மினிக்ஸில் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டார். லினக்ஸ் அப்படித்தான் தொடங்கியது.

பராமரிப்பாளர் ஒருவரின் இடத்திலிருந்தும் இதைப் பார்க்கவேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் சம்பளமின்றி, வீட்டு வேலைகள் முடிந்த இரவுகளில் இதைச் செய்கிறவர்கள். 2020 அக்டோபரில் நடந்தது ஒன்று போதும். நான்கு பங்களிப்புகள் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் என்று அறிவித்திருந்த 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வில், அது எவ்வளவு எளிது என்று காட்டிய ஒரு காணொளியும் பரவிவிட, திட்டங்களின் அறிமுகக் கோப்புகளில் 'அருமையான திட்டம்' என்று ஒரு சொல்லைச் செருகிய வெற்று ஒட்டுகள் வந்து குவிந்தன. திட்டங்கள் தாமே முன்வந்து சம்மதித்தால்தான் கணக்கில் சேரும் என்று அம்மாதமே விதியை மாற்றவேண்டியதாயிற்று. இன்று அந்த வேலையும் மிச்சம். இயந்திரமே விண்ணப்பத்தையும் எழுதுகிறது, ஒட்டையும் எழுதுகிறது. நாம் மாணவியின் தாளில் சேர்த்த தீராத வேட்கையை எந்த உரையாடு செயலியும் ஐந்து நொடியில் இதைவிட நன்றாக எழுதித் தந்திருக்கும். வழிகாட்டி அதைப் படிக்காமல் தாண்டியதில் வியப்பில்லை.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் கதையை அறிந்தோர் வேலையை மட்டும் பார்த்து ஆளை நம்பலாம் என்று எளிதில் சொல்லமாட்டார்கள். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக ஒட்டுகள் அனுப்பினார். நல்ல ஒட்டுகள். களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் சுமையைப் பகிர்ந்துகொண்டு இணைப் பராமரிப்பாளருமானார். 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் உலகக் கணினிகளுக்குள் கள்ளத்தனமாக நுழைவதற்கான பின்வாசலை வைத்தார். மார்ச் 29 அன்று அது அம்பலமானது, ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் தம் கணினியில் உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதை விடாமல் துருவியதால். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகலைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட நம் பதிப்பாசிரியர்களுக்கு இந்த வலி புரியும். நல்ல கையெழுத்தும் நல்ல யாப்பும் உள்ள செருகல்தான் மிகவும் ஆபத்தானது. அரை நொடியை உணர்ந்த அந்தப் பொறியாளரை, ஓரசை மிகுந்ததை உணரும் பழைய புலவரோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

என்றாலும் அந்தப் பின்வாசலைக் கண்டுபிடித்ததும் ஒரு வாசகரே. படித்தவர் பிழை காண்கிறார், படிக்காதவர் புகழ்கிறார். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் மாணாக்கரைத் தரம் பிரித்திருப்பதை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நகைச்சுவையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடை. ஒவ்வொரு செடியிலும் ஒரு வாய் மேய்ந்து வயிறு நிறையாமல் போகும் ஆட்டை, ஒரே விண்ணப்பத்தைப் பெயர் மாற்றிப் பல அமைப்புகளுக்கு அனுப்புகிறவரிடம் காணலாம். கிளியை எங்கே காணலாம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கிடைத்ததை முதலில் முழுதும் மேய்ந்து, பின்பு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுகிற பசு அரிது. பிறர் எழுதிய பல்லாயிரம் வரி நிரலை, அதுவும் விளக்கக் குறிப்பின்றி எழுதப்பட்டதை, ஒரு பிழைக்காக வாரக்கணக்கில் படிப்பது பசுவின் வேலை.

மாணவி நம் நான்கு பக்கத்தை விட்டுவிட்டுத் தம் இரண்டு பக்கத்துக்கே திரும்பினார். நம்மிடம் சொல்லத் தயங்கித் தாமதமாகத்தான் சொன்னார். கூடவே ஓர் ஒட்டும் அனுப்பினார். தமிழ் வரிசைக்கென்று தாமே அட்டவணை அமைத்து ஏறத்தாழ 200 வரி. மறுநாள் எல்லாரும் காண ஒருவர் பதிலெழுதியிருந்தார். இவ்வளவும் தேவையில்லை, யூனிகோடு கூட்டமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் தமிழுக்கான வரிசை விதிகள் ஏற்கெனவே உள்ளன, ஐசியு என்ற நிரலகத்தின் வழியே அவற்றை அழைத்தால் போதும். உழைத்ததெல்லாம் வீண் என்று அந்தப் பெண் கலங்கியிருந்தார். நாம் அந்தப் பதிலைப் பலமுறை படித்தோம். அதில் இகழ்ச்சியில்லை, முகமனும் இல்லை. வரிக்கு வரி படித்துவிட்டு எழுதிய பதில். நம் ஆய்வேடுகளுக்கு மேற்பார்வையாளர்கள் எழுதும் 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லை நினைத்துக்கொண்டோம். நம் தோழர்களின் கவிதைத் தொகுதிகளுக்கு நாம் எழுதித்தரும் அணிந்துரைகளையும்.

200 வரி 11 வரியாயிற்று. மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு நான்காம் முறை ஏற்கப்பட்டது.

மே மாதம் முடிவு வந்தபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. இதைச் சொல்லாமல் போனால் நாம் ஏதோ வெற்றிக்கதை எழுதுவதாகிவிடும். அந்த ஊக்கத்தொகையை நம்பித்தான் கோடையில் மாலை டியூஷனை விடுவதாக இருந்தார். கல்லூரிக் கட்டணத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. டியூஷன் தொடர்ந்தது. முதலில் வேலையைச் செய்து காட்டு என்பது நியாயமான அளவுகோல்தான். ஆனால் காட்டுவதற்கான மாலைப்பொழுது எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. சொந்த மடிக்கணினியும் ஓய்வும் உள்ள பிள்ளை அனுப்பும் பத்து ஒட்டுக்கு எதிரே, ஆய்வகம் பூட்டுமுன் அவசரமாக அனுப்பிய ஓர் ஒட்டு என்ன எடை பெறும்? அவ்வுலகத்தாரும் இதை அறியாதவர்கள் அல்லர். வாய்ப்புக் குறைந்த பிரிவினருக்கென்றே அவுட்ரீச்சி போன்ற திட்டங்கள் நடக்கின்றன. ஆனால் அங்கும் தேர்வுக்கு முன் சில வாரம் ஊதியமின்றிப் பங்களித்தாகவேண்டும்.

நம் பக்கத்தின் கதை இதைவிட மோசம். ஏற்கப்பட்ட அந்த ஒட்டை உள்ளிருப்புப் பயிற்சியாகக் கணக்கில் கொள்ளுமாறு கேட்டபோது, நிறுவனத்தின் முத்திரையிட்ட சான்றிதழ் எங்கே என்று அலுவலகம் கேட்டது. உலகில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில், நாளும் நேரமும் திருத்திய வரிகளும் அவர் பெயரோடு இருக்கின்றன. அதைத் திரையில் காட்டினோம். அச்செடுத்து, முதல்வர் வழியாக, விண்ணப்பத்துடன் இணைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். விண்ணப்பத்தை நாம்தான் எழுதிக்கொடுத்தோம். அனுப்புநர், பெறுநர், ஐயா.

சென்ற வாரம் அவர் மீண்டும் வந்தார். வேறொரு மென்பொருளில் இதே கோளாற்றைக் கண்டிருக்கிறார். இம்முறை கேள்வி கடினமானது: க்ஷ-வை ககர வரிசையில் வைப்பதா, ஸ, ஹ போன்றவற்றோடு இறுதியில் வைப்பதா? ஸ்ரீ-க்கு எந்த இடம்? நம் மேசையில் இருந்த இரண்டு அகராதிகளைப் புரட்டிப் பார்த்தோம், ஒன்றுபோல் இல்லை. திங்கட்கிழமைக்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறோம்.