அஞ்சு ஓம் ஹீட்டரும் இறால் விலையும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுற சீசன் வந்தாச்சு. ஸ்மார்ட் டஸ்ட்பின், முகம் பார்த்து அட்டெண்டன்ஸ், மண் ஈரம் பார்த்து மோட்டார் போடுற செட்டப் என்று வழக்கமான லிஸ்ட் ஓடும். தப்பில்லை. ஆனா நாகப்பட்டினம், ராமநாதபுரம் கடலோர இறால் பண்ணைகளுக்கு அதைவிட எளிமையான ஒண்ணு உபயோகப்படும்: விலை குறைந்த ஒரு சின்ன ஹீட்டர்.

ஹீட்டருக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்? விலைதான். இறாலுக்கு விலை 'கவுண்ட்' பார்த்துப் போடுவாங்க. கிலோவுக்கு 30 நின்றால் 30 கவுண்ட், 100 நின்றால் 100 கவுண்ட். இறால் பெரிசாகப் பெரிசாக கவுண்ட் குறையும், விலை ஏறும். அதனால குளத்தில் மூணு, நாலு மாசம் பொறுமையா வளர்த்தால்தான் லாபம்.

அந்தப் பொறுமையைக் கெடுக்கிறது வெள்ளைப்புள்ளி வைரஸ். மனுஷங்களுக்குப் பரவாது. ஆனா இறாலுக்கு இதற்கு மருந்தே கிடையாது. அறிகுறி தெரிஞ்சு பத்து நாளுக்குள்ள குளமே காலியாகலாம். நாலு இறால் செத்து மிதந்தால், வைரஸா, தண்ணியில ஆக்சிஜன் குறைவா என்று கண்ணால் பார்த்து உறுதியாச் சொல்ல முடியாது. சாம்பிள் லேபுக்குப் போய் ரிசல்ட் வரும்வரை காத்திருக்கப் பயந்து, பாதி வளர்ந்த இறாலையே பிடிச்சு விற்கிறாங்க. பயந்து விற்கிறவர் எப்படி பேரம் பேசுவார்?

லேபில் செய்யும் பி.சி.ஆர் டெஸ்டுக்கு, 95 டிகிரி வரை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுகிற மெஷின் வேணும். 2000-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட 'லேம்ப்' முறைக்கு (விளக்கு இல்லீங்க, ஒரு சுருக்கப் பெயர்) அது வேண்டாம். 60-லிருந்து 65 டிகிரிக்குள்ள ஒரே சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். வைரஸ் இருந்தால், சேர்த்த சாயத்தின் நிறம் மாறும்.

அந்தச் சூட்டை நாமே அச்சடிக்கலாம். சாதாரண பி.சி.பி-யில் தாமிரம் 35 மைக்ரான் கனம். அதில் 0.2 மி.மீ அகலத்தில் 2 மீட்டர் நீளக் கோட்டை வளைச்சு வளைச்சுப் போட்டால் சுமார் 5 ஓம் வரும். இடம், ஒரு தீப்பெட்டியில் பாதிதான். 5 வோல்ட் பவர் பேங்கில் மாட்டினால் 1 ஆம்பியர், 5 வாட். சின்ன டியூப்களைச் சூடாக்க இது தாராளம். இன்னொரு வசதியும் உண்டு: தாமிரத்தின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும். அதை அளந்தால் அந்தக் கோடே தெர்மாமீட்டர். தனி சென்சார் வேண்டாம்.

இன்னும் விலை குறையணுமா? பிளாஸ்டிக் ஷீட்டில் கார்பன் மையை ஸ்கிரீன் பிரிண்டிங் பண்ணலாம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் பலவற்றிலும் எலெக்ட்ரோடு அப்படித்தான் அச்சாகுது. ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிஞ்சவங்களுக்கு திருப்பூரில் பஞ்சமா என்ன?

ஹீட்டர் மட்டும் போதாது என்பது உண்மை. என்சைமைக் குளிரில் வைக்கணும். கை சுத்தமில்லாட்டி இல்லாத வைரஸ் இருக்கிற மாதிரி காட்டும். அதனால இது இ.சி.இ பசங்க தனியா முடிக்கிற வேலை இல்லை. பயோடெக் டிபார்ட்மெண்டோடு சேர்ந்து செய்து, ஒவ்வொரு ரிசல்ட்டையும் பி.சி.ஆரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பண்ணைக்குக் கொண்டு போகணும்.

"வைரஸ்னு தெரிஞ்சா விவசாயிக்கு இன்னும் நஷ்டம்தானே?" என்று கேட்கலாம். அந்தக் குளத்துக்கு நஷ்டம் இருக்கத்தான் செய்யும். ஆனா அந்தத் தண்ணியைக் கிருமி நீக்காமல் வாய்க்காலில் விடாதிருந்தால் பக்கத்துக் குளங்களாவது தப்பிக்கும். வைரஸ் இல்லைன்னு தெரிஞ்சால், ஏரேட்டரைக் கூட்டி, இறாலை இன்னும் வளர்க்கலாம். வியாபாரி எதிரிலேயே டெஸ்ட் போட்டால் ரெண்டு பேரும் ஒரே நிறத்தைப் பார்த்து விலை பேசலாம்.

குளிர்பதனக் கிடங்கு, ஏற்றுமதி, ஆப் எல்லாம் வேண்டியதுதான். ஆனா தன் குளத்தில் என்ன நடக்குதுன்னு தெரியாதவருக்கு எந்த ஆப்பும் நல்ல விலை வாங்கித் தராது. அதனால ரிவ்யூவில் "இதுல புதுசா என்ன?" என்று கேட்டால், தயங்காம சொல்லுங்க: "இதை இறால்காரர் கையில கொடுக்க முடியும் சார்."